வருத்தம் சார் அழித்த புள்ளி

துவைக்கும் இயந்திரம் துணியில் இருக்கும் அழுக்கை எடுக்கிறதோ இல்லையோ, மனிதனுக்குள் இருப்பதை வெளியே எடுத்துவிடும். இந்த அரிய உண்மையைக் கண்டறிந்தவர் விஞ்ஞானி அல்ல. அப்படிப்பட்ட இயந்திரங்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால், இருபத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா. பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி கம்பெனி முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான்: வருத்தம் சார்.

அவருக்கு வேலை இரண்டு. வருகிறவர் கத்துவதைக் கேட்பது ஒன்று. கத்தி முடித்தவருக்கு ஒரு வருத்தக் கடிதம் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. 'தங்களுக்கு ஏற்பட்ட அனைத்து இடையூறுகளுக்கும் முழுப் பொறுப்பேற்று மனப்பூர்வமாக வருந்துகிறோம். இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறோம்.' என்ன நடந்தது, யார் செய்தது என்ற விவரம் மட்டும் கடிதத்துக்குள் தலைகாட்டவே கூடாது. விவரம் எழுதினால் அதை மறுத்துப் பேச நாலு பேர் கிளம்புவார்கள். 'அனைத்து' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். கடிதம் கைமாறியதும் கோப்பின் மேல் 'முடிந்தது' என்று ஒரு முத்திரை விழும். மன்னிப்புக் கடிதம் போய்விட்டால் புகார் செத்துவிட்டது என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். இயந்திரம் பிழைத்ததா என்பது வேறு மாடியில் இருப்பவர்களின் கவலை.

நாளுக்கு ஆறேழு என்று வைத்தாலும், வருத்தம் சார் தன் வாழ்நாளில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் முறை மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர் செய்த தவறுக்காகக் கேட்டது அதில் ஒன்றுகூட இல்லை. இந்தச் சாதனைக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

இத்தனை வருடம் திட்டு வாங்கிய மனிதருக்குத் திட்டுகிறவர்களைப் பற்றி ஒரு ஞானம் பிறக்காமல் இருக்குமா? பிறந்தது. அதைக் கோப்பின் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு குறியாகப் போட்டு வைப்பார். வட்டம் போட்டால் வெறும் கத்தல்காரர்: ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் அடங்கிவிடுவார், போகும்போது 'மனசுல வச்சுக்காதீங்க சார்' என்பார். முக்கோணம் என்றால் மிரட்டுகிறவர்: 'நான் யாருன்னு தெரியுமா?' என்று ஆரம்பிப்பார், அவர் யாரென்று அவருக்கே கடைசிவரை தெரியாது. கோடு போட்டால் அழுகிறவர். அழுகை உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியானாலும் கைக்குட்டை நம்முடையது.

கடைசியாக, புள்ளி. புள்ளிக்காரர் கத்தவே மாட்டார். நம் கண்ணாடி புதிதா என்று விசாரிப்பார். நாம் சொல்வதைத் தலை சாய்த்துக் கேட்பார். இருபத்தொன்பது வருடத்தில் வருத்தம் சார் மொத்தமே நாலு புள்ளி வைத்திருந்தார். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் கம்பெனியில் யாரோ ஒருவருக்கு வேலை போயிருந்தது. கடைசிப் புள்ளியம்மாள் வரவேற்பறைப் பெண்ணுக்குப் பூங்கொத்து கொண்டுவந்தாள், கிடங்குக்காரரிடம் அவர் முதுகுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். மூன்றாம் வாரம் அந்த முதுகுவலி, 'பளு தூக்க இயலாதவர்' என்ற பெயரில் நிர்வாகத்தின் மேஜையில் கிடந்தது. கிடங்குக்காரர் வீட்டில் கிடந்தார்.

இந்த சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்ட ஒரே சீடர் அவருடைய மகள். வீட்டில் பாப்பா. பள்ளி விடுமுறைகளில் அப்பாவோடு அலுவலகம் வந்து, மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, மேலே கேட்கும் குரலை வைத்தே ஒரு காகிதத்தில் வட்டமோ முக்கோணமோ போட்டு மேலே நீட்டுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

சாஸ்திரத்தோடு சேர்த்து அவர் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்துவிட்டார். பாப்பாவுக்கு ஒன்பது வயதில், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி உடைந்தது. உடைத்தது வேறு குழந்தை. ஆனாலும் பாப்பாவை உட்கார வைத்து, இடது ஓரம் இரண்டு விரல் இடம் விடச் சொல்லி, வருத்தக் கடிதம் எழுதவைத்தார்.

"நான் உடைக்கலப்பா."

"யார் உடைச்சாங்கங்கிறது முக்கியமில்ல பாப்பா. யார் முதல்ல எழுதிக் குடுக்கறாங்களோ, அவங்க அன்னிக்கு நிம்மதியா தூங்கலாம்."

அவள் எழுதிக் கொடுத்தாள். நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு தகப்பன் தன் மகளுக்குச் செய்யக்கூடிய கெடுதல்களில், இவ்வளவு பாசத்தோடு செய்யப்பட்டது அபூர்வம்.

பாப்பா வளர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாள். ஒரு கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா?' என்று நாள் முழுக்கக் கேட்கும் வேலை. அதே கடையின் மறுபக்கத்தில் காது கேட்கும் கருவி விற்கும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே இருந்தவன்தான் மாப்பிள்ளை.

முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அங்கிள்னு கூப்பிட்டா ஏதோ கடைக்காரரைக் கூப்பிடற மாதிரி இருக்கு. மாமான்னு கூப்பிடலாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

எவன் வேண்டாம் என்பான்? மாமா ஆனார். அடுத்து மாமாவின் வேலையைப் பற்றி அவன் கேட்டான். கேட்டான் என்றால், கேட்டான். தலையை லேசாகச் சாய்த்து, 'அப்புறம் மாமா?' 'அதுக்கு அவர் என்ன சொன்னார்?' என்று எடுத்துக்கொடுத்து, இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மனிதரை முதன்முறையாகப் பேச விட்டான். வருத்தம் சார் அணை உடைந்தது போலப் பேசினார். கத்துகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நம் குரலை ஒரு படி இறக்க வேண்டும். 'உங்க கோபம் எனக்குப் புரியுது' என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டால் கோபக்காரர் இன்னும் கத்துவார், சுற்றி நிற்பவர்கள் நம் பக்கம் வந்துவிடுவார்கள். எதையும் வாயால் வாங்கக் கூடாது, எழுத்தில் வாங்க வேண்டும். தொழில் ரகசியம் பூராவையும் ஒரு கோப்பை டீக்குள் கரைத்துக் கொடுத்துவிட்டார்.

நடுவில் ஒரு கணம், மடியில் இருந்த செய்தித்தாளின் மூலையில் அவர் கை தானாகவே சட்டைப்பைப் பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்தது. பார்த்துத் திடுக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவன் அவர் மனைவியிடம் திரும்பி, "அத்தை, உங்களுக்கு இடது காது கொஞ்சம் மந்தமா? நான் அந்தப் பக்கம் பேசினா மட்டும் திரும்பிப் பாக்கறீங்க" என்றான்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினஞ்சு வருஷமா இப்படித்தான்பா. இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியாது."

ஊர்க் குறையெல்லாம் கேட்பவருக்குத் தன் பெண்டாட்டிக்குக் காது கேட்காதது தெரியவில்லை! வருத்தம் சார் வெட்கப்பட்டார். இவ்வளவு அக்கறையானவன்மேலா புள்ளி வைத்தோம் என்று, ரப்பரை எடுத்துத் தேய்த்து அழித்தார். தொழிலில் அவர் போட்ட குறியை அழித்தது அதுதான் முதல் தடவை. மறுவாரமே மனைவியின் இடது காதில் மாப்பிள்ளை ஒரு கருவியைப் பொருத்தினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் சொல்வது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

பதிவு அலுவலகத்தில் இரண்டு கையெழுத்தோடு கல்யாணம் முடிந்தது. ஆறு மாதத்தில் பாப்பா வேலையை விட்டாள். "எனக்கு அடிக்கடி தலைவலி வருதுன்னு அவர் சொல்றார்ப்பா" என்றாள். தலைவலியைக்கூட அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வருத்தம் சாருக்குப் புதிதாக இருந்தது. பிறகு தொலைபேசியில் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள் என்று புரிய அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒருநாள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். "டீக்குச் சர்க்கரை போடவா பாப்பா?" என்று அம்மா கேட்டாள். பாப்பா திரும்பி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்தான். பாப்பா, "போடும்மா" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. வருத்தம் சார் மட்டும் தன் டீயைத் தொடாமல் வைத்துவிட்டார். மகளை எப்படியாவது ஒருமுறை தனியாகப் பார்த்துப் பேசி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் வேறு வேலையே இருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் குடியிருந்த நாலாவது மாடிக்கு ஏறினார். கதவில் வெளியே பூட்டு தொங்கியது. திரும்பப் போனவரை, பக்கத்து ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"அப்பா."

"உள்ளேயா இருக்கே? சாவி?"

"அவர்கிட்ட இருக்குப்பா. மத்தியானம் சாப்பிட வருவார்."

"உன்னை உள்ள வச்சுப் பூட்டிட்டா போனான்?"

"ஐயோ, சத்தம் போடாதீங்க. நான்தான்ப்பா, அடுப்பை அணைக்க மறந்துட்டு வெளியே போயிடறேன்."

"எப்போ மறந்தே?"

பாப்பா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "மறந்தேன்னு அவர் சொன்னார்."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு அணைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்கே சரியா தெரியலப்பா. எது நடந்தது, எது நான் நினைச்சுக்கிட்டதுன்னு."

ஊராருக்கெல்லாம் எது தெளிவு என்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடி மாட்டியவள் சொன்ன பதில் இது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தே பழகிய வருத்தம் சார், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்போது மாடிப்படியில் மாப்பிள்ளை வந்தான்.

"மாமா! சொல்லியிருந்தா நான் ரயில்வே ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே."

பூட்டைத் திறந்தான். வருத்தம் சார் கத்தினார். ஐம்பதாயிரம் பேர் கத்தியதைக் கேட்டவர்தான், ஆனால் அனுபவம் கேட்பதில்தானே, கத்துவதில் இல்லையே! குரல் பிசிறியது, வார்த்தை தடுக்கியது. திட்ட ஆரம்பித்த வாக்கியம் பாதியில் 'தயவுசெய்து' என்று முடிந்தது. தொழில்முறையில் பார்த்தால், வட்டம் போடக்கூடத் தகுதியில்லாத கத்தல். ஆனாலும் அந்த மாடியில் மூன்று கதவுகள் திறக்க அது போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். குரலை ஒரு படி இறக்கினான். "உங்க கோபம் எனக்குப் புரியுது மாமா. முதல்ல உட்காருங்க."

தன்னுடைய தண்ணீர். தன்னுடைய குரல். தன்னுடைய வாக்கியம், ஒரு சொல் மாறாமல். வருத்தம் சார் டம்ளரைத் தட்டிவிட்டார். கண்ணாடி டம்ளர் பாப்பாவின் காலடியில் உடைந்து, கட்டை விரலோரம் ஒரு கீறல். பாப்பா குனிந்து பொறுக்கியபடியே, "என்னாலதான், சாரி, என்னாலதான்" என்று இரண்டு பேரிடமும் மாற்றி மாற்றிச் சொன்னாள். கதவோரம் நின்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான். பாப்பா பயந்துபோயிருக்கிறாளாம். அப்பாவைப் பார்க்கவே நடுங்குகிறாளாம். "வாயால சொன்னா காத்தோட போயிடும் மாமா. நீங்கதானே சொன்னீங்க? ஒரு வரி எழுத்தில குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை தாராளமா வந்து பாருங்க, நாள் பூரா இருங்க."

இணைப்பைக் கொடுத்த சுவிட்ச்போர்டு அக்கா, கொடுத்ததோடு நிற்காமல் முழுவதையும் கேட்டுவிட்டு, நேரே மூன்றாம் ஜன்னலுக்கு வந்தார். கம்பெனியிலேயே கெட்ட வார்த்தைகளின் கையிருப்பு அதிகம் உள்ளவர் அவர்தான்.

"எழுதிக் குடுக்காதீங்க சார்."

"ஒரு கடிதம்தானேம்மா. நம்ம தொழில்தானே."

"அந்த ஆளு என்கிட்ட, 'உங்க குரல் ரொம்ப அழகா இருக்கு அக்கா'ங்கிறான். இருபது வருஷமா இந்த போர்டுல கத்தறேன், என் புருஷன்கூட அப்படிச் சொன்னதில்ல. அப்பவே தெரிஞ்சுது, இவன் பொறுக்கிப் பயன்னு."

"ஞாயித்துக்கிழமை பாக்க விடறேன்னு சொல்றான்."

"சொல்றான் சார். எழுத்தில குடுத்தானா?"

இந்தக் கேள்வி வருத்தம் சாரின் காதில் விழுந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே இடது ஓரம் இரண்டு விரல் இடம் விட்டுக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கொல்லனுக்கு எதைப் பார்த்தாலும் அடிக்கத் தோன்றும், தையல்காரருக்கு வெட்டத் தோன்றும், இவருக்கு வருந்தத் தோன்றியது. நாலு முறை திருத்தி எழுதினார். மகளுக்காக எழுதும் கடிதம் என்பதால் எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஐம்பதாயிரத்தில் அதுதான் உச்சம் என்று கூசாமல் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையே நேரில் வந்தான். நேராக உள்ளே வரவில்லை. வாசலில் டோக்கன் எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, பதினேழாம் எண் வந்ததும் எழுந்து மூன்றாம் ஜன்னலுக்கு வந்தான்.

கடிதத்தைத் தலை சாய்த்துப் படித்தான். "அருமை மாமா. ரெண்டே ரெண்டு சின்னத் திருத்தம். தப்பா நினைக்காதீங்க."

"சொல்லுங்க மாப்ளே."

"'சத்தம் போட்டதற்கு'ன்னு போட்டிருக்கீங்க. வெறும் சத்தம்னு போட்டா பாப்பா மனசு ஆறாது. நீங்க கம்பெனிக்கு எழுதற மாதிரி, 'நடந்த அனைத்திற்கும்'னு போட்டுடுங்களேன்."

வருத்தம் சார் திருத்தினார். அது அவருடைய வார்த்தைதானே.

"அப்புறம் 'அன்றைய தினம்'னு இருக்கு. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து ஏதேதோ மனசுல இருக்கு மாமா. பூந்தொட்டி உடைஞ்ச கதையைச் சொல்லி அழறா. 'பல ஆண்டுகளாக'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா, அவளுக்கு எல்லாமே முடிஞ்சிடும்."

பூந்தொட்டி என்றதும் வருத்தம் சாரின் பேனா நின்றது. மகள் அதை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாளா? தான் தப்புச் செய்த ஒரே இடத்தை இவன் எப்படிக் கண்டுபிடித்தான்? ஐம்பதாயிரத்தில் முதல்முறையாக, நிஜமாகவே வருந்த வேண்டிய ஒன்றுக்காக வருந்தும் வாய்ப்பு. 'பல ஆண்டுகளாக' என்று சேர்த்தார். மேலே 'நடந்த அனைத்திற்கும்' இருந்தது. கீழே கையெழுத்திட்டார். பழக்கதோஷத்தில் 'முடிந்தது' முத்திரையையும் எடுத்துக் குத்திவிட்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கீழ்வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"சார், உங்களை உள்ளே விட வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு எழுதிக் குடுத்தது?"

காவலாளி பதிவேட்டைப் பிரித்து, உள்ளட்டையில் ஒட்டியிருந்த நகலைக் காட்டினார். "நீங்கதான் சார்."

'பல ஆண்டுகளாக நடந்த அனைத்திற்கும் முழுப் பொறுப்பேற்று... இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்.' காவலாளி கெட்டவர் அல்ல. "என்ன சார் பண்ணீங்க பொண்ணை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கடிதத்தில் விவரம் இல்லை அல்லவா. படிக்கிறவர் ஒவ்வொருவரும் தன் கற்பனைக்கு எட்டிய விவரத்தைத் தானே நிரப்பிக்கொண்டார்கள்.

நகல்கள் எங்கெங்கோ போயிருந்தன. குடியிருப்புச் செயலாளருக்கு ஒன்று. மைத்துனருக்கு ஒன்று. வருத்தம் சாரின் சொந்த வீட்டுக்கு ஒன்று, மனைவி பேருக்கு. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அதை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"பல ஆண்டுகளாகன்னு எழுதியிருக்கீங்களே. என்ன நடந்துச்சு பல ஆண்டா?"

"ஒண்ணும் நடக்கல. உனக்குத் தெரியாதா? அவன் சேர்க்கச் சொன்னான்."

"ஒண்ணும் நடக்காமலா இவ்வளவு அழகா எழுதுவீங்க?"

"அது என் தொழில்டி!"

"கத்தாதீங்க" என்று மனைவி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அவரைப் பார்த்து அவள் பின்னுக்கு நகர்ந்தது அன்றுதான். "மாப்பிள்ளை சொன்னார். நீங்க சத்தம் போட்டா, 'பதில் பேசாதீங்க அத்தை, தண்ணி மட்டும் குடுங்க'ன்னு." எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "யார் எழுதினது?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனைவிக்கு மட்டும் மாதம் ஒருமுறை அனுமதி கிடைத்தது. அங்கே கணவரின் பேச்சை எடுக்கக் கூடாது, இங்கே வந்து மகளின் பேச்சை எடுக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடு. திரும்பி வந்தால், "நல்லா இருக்கா" என்பாள். "மெலிஞ்சிருக்காளா?" என்று இவர் கேட்டால் இடது காதைத் தொட்டுக்கொண்டு, கேட்காதது போல இருந்துவிடுவாள்.

இதற்கிடையில் வருத்தம் சார் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவன் முதல் நாள் ஏன் அவ்வளவு கேட்டான் என்பது புரிந்தது. வேலையை முதலில் எடுத்து, ஃபோனை அடுத்து எடுத்து, ஞாபகத்தைக் கடைசியில் எடுத்த வரிசை புரிந்தது. கோபக்காரன் கதவை உடைத்துக்கொண்டு வருவான், இவன் நம் கையாலேயே திறக்கவைத்து, சாவியையும் நம் வாயாலேயே 'வச்சுக்குங்க' என்று சொல்லவைத்து வாங்கிக்கொள்வான் என்பது புரிந்தது. ஒரு புத்தகம் எழுதும் அளவுக்குப் புரிந்தது. சுவிட்ச்போர்டு அக்காவிடம் விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "புரிஞ்சு என்ன சார் பண்றது?" என்றார்.

ஏழு மாதம் கழித்து, காலைத் தபாலில், இயந்திரம் சட்டையைக் கிழித்தது, தண்ணீர் ஒழுகுகிறது என்ற கடிதங்களுக்கு நடுவில், ஓர் உறை இருந்தது. மேலே பாப்பாவின் எழுத்து. அவர் பிரிக்கையில் உறையும் கிழிந்தது, உள்ளிருந்த தாளின் ஓரமும் கிழிந்தது.

கடிதம் அவருக்கு எழுதப்பட்டதல்ல. கணவனுக்கு எழுதப்பட்டு, அதே கையால் எழுதிய நகல் ஒன்று அவருக்கு அனுப்பப்பட்டது. 'என் வளர்ப்பினால் என்னிடம் உள்ள அனைத்துக் குறைகளுக்கும் முழுப் பொறுப்பேற்று மனப்பூர்வமாக வருந்துகிறேன். என் தந்தையைச் சந்திக்கவோ பேசவோ நான் விரும்பவில்லை. இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்.' இடது ஓரம் இரண்டு விரல் இடம் விட்டிருந்தது. ஒரு பிழை இல்லை, ஓர் அடித்தல் இல்லை. ஒன்பது வயதில் எழுதியதைவிடக் கையெழுத்து நன்றாக இருந்தது.

பழக்கத்தில் அவர் கண் வலது மேல் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். காகிதம் அந்த இடத்தில் மட்டும் லேசாகச் சொரசொரத்திருந்தது. ரப்பர் ஓடிய தடம். அதற்கு நடுவில், பென்சில் முனை அழுத்தி வைத்த ஒரு சின்னப் பள்ளம். ஒரே ஒரு புள்ளி.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவைப் போலவே அவளும் சரியாகக் குறி போட்டிருக்கிறாள். அப்பாவைப் போலவே தேய்த்து அழித்திருக்கிறாள்.

விதிப்படி எந்தக் கடிதத்துக்கும் ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். வருத்தம் சார் வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். பாப்பாவுக்கு எது எழுதினாலும் முதலில் படிப்பவன் அவன். பாப்பாவை விடு என்று எழுதினால் அது மிரட்டலாகும், அழுதால் அது சான்றாகும், மன்னிப்புக் கேட்டால் இன்னொரு நகலாகும். ஐம்பதாயிரம் கடிதம் எழுதிய கைக்கு எழுத ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. பேனாவை மூடினார்.

"யோவ், உன்னைத்தான்யா! காது கேக்கலையா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரு தடித்த மனிதர், கையில் நாலாகக் கிழிந்த ஒரு சட்டையோடு. "முந்தாநாள் வாங்கின மெஷின்! என் சட்டையைப் பாரு! எவ்வளவு நேரம்யா கத்தறது?" வட்டம். சந்தேகமே இல்லாமல் வட்டம்.

வருத்தம் சார் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். ஜன்னல் வழியே நீட்டப் போனவர், கை பாதியில் நின்று, அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். இருபத்தொன்பது வருடத்தில் அந்த டம்ளரில் அவர் குடித்தது அதுதான் முதல் தடவை.

தடித்த மனிதர் அவர் முகத்தைப் பார்த்தார். சட்டையைக் கீழே இறக்கினார். குரலும் இறங்கியது. "என்ன சார் ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்று ஜன்னலுக்குள் தலையைச் சற்றே சாய்த்தார். "சொல்லுங்க சார். பரவாயில்ல, சொல்லுங்க."

வருத்தம் சாருக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனார். அவர் அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, கையை நீட்டி, ஜன்னலின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.